யாருக்குக் காயம்? சைபர் குற்றமும் சட்டமும்: சில அடிப்படைகள்

1

'சைபர்' என்றால் நம் ஊரில் பூஜ்ஜியம். கணக்குப் பரீட்சையில் வாங்குவது. அரபு மொழியில் இருந்து வந்த சொல். செய்தித்தாளில் 'சைபர் குற்றம்' என்று வருகிற சைபருக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது கப்பலில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து பிறந்தது. இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்த கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், 1948இல் தம் துறைக்கு 'சைபர்நெடிக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதே கிரேக்கச் சொல்தான் லத்தீன் வழியாகப் போய் 'கவர்னர்', 'கவர்ன்மெண்ட்' என்றும் ஆனது. ஆக சைபரும் கவர்ன்மெண்டும் ஒரே வேரில் கிளைத்த பங்காளிகள். சைபர் குற்றத்தைப் பற்றிப் பேச வருகிறவர் சுக்கான் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அதற்காகவே இந்தச் சொல் வரலாற்றை முதலில் வைக்கிறேன்.

மனித உரிமை வேலைகளில் இருப்பதால் இரண்டு வகை ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். ஒருவர், "தோழர், அக்கவுண்ட்ல இருந்த பணம் பூராவும் போச்சு" என்று வருகிறார். இன்னொருவர், "தோழர், நான் போட்ட ஒரு பதிவுக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க" என்று வருகிறார். முன்னவர் புகார் கொடுக்கப் போகிறவர். பின்னவர் மேல் புகார் இருக்கிறது. இருவரும் போய் நிற்கிற அறைக்கு வெளியே தொங்குகிற பலகை ஒன்றுதான்: சைபர் கிரைம்.

இந்த ஒற்றைப் பெயர்தான் சிக்கலின் தொடக்கம். திருட்டு, மிரட்டல், ஒரு பெண்ணின் படத்தைப் பரப்புதல், முதலமைச்சரைப் பற்றிக் கேலிச்சித்திரம் அனுப்புதல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ஒரே பெயரைச் சூட்டும்போது, அவற்றுக்கு இடையிலான வேறுபாடு அழிகிறது. கூடைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. பிரிப்பதற்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: இந்தப் பிரிவின் பார்வையில் காயம் பட்டது யாருக்கு?

2

நமது அடிப்படைச் சட்டம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தது. அதன் முகவுரையைப் படித்தால் குற்றம் என்ற பேச்சே இல்லை. ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1996இல் தயாரித்த மின்வணிக மாதிரிச் சட்டத்தை ஒட்டி, மின்னணு முறையில் நடக்கும் வியாபாரத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவதே நோக்கம் என்கிறது. காகிதத்துக்குப் பதில் கோப்பு, மைக் கையெழுத்துக்குப் பதில் மின் கையொப்பம். தாராளமயமாக்கலின் முதல் பத்தாண்டு முடிகிற நேரத்தில், வியாபாரிக்கு வழி செய்யப் பிறந்த சட்டம் இது. குற்றங்கள் அதில் பதினோராவது அத்தியாயமாகத்தான் வருகின்றன.

இன்னொரு வேடிக்கை. 'சைபர் குற்றம்' என்றால் என்ன என்று இந்தச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. 'சைபர் கஃபே' என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறது. தெருமுனை பிரௌசிங் சென்டருக்கு இலக்கணம் உண்டு, குற்றத்துக்குக் கிடையாது. அதனால் சைபர் குற்றம் என்பது சட்டத்தின் சொல் என்பதைக் காட்டிலும் காவல்துறையின், பத்திரிகையின் சொல். வழக்கு என்று வந்தால் 'சைபர் குற்றம்' என்ற பொதுப்பெயரின் கீழ் யாரையும் தண்டிக்க முடியாது. எந்தப் பிரிவு என்று சொல்லியாக வேண்டும். ஆகவே முதல் பாடம் எளிமையானது. யார் இந்தச் சொல்லை உச்சரித்தாலும், "எந்தப் பிரிவு, சார்?" என்று கேட்க வேண்டும்.

சட்டத்தின் இரண்டாம் பிறப்பு 2008 டிசம்பரில். மும்பைத் தாக்குதல் முடிந்து நான்கு வாரங்கூட ஆகாத நிலையில், விவாதமே இல்லாத குறையாகத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2009 அக்டோபர் 27 முதல் அமல். இன்று நாம் கேள்விப்படுகிற 66-சி, 66-டி, 66-இ, சைபர் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கும் 66-எஃப், இணையத்தில் ஒன்றை முடக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தரும் 69-ஏ, பின்னர் செத்துப்போன 66-ஏ எல்லாம் அப்போது வந்தவை. வியாபாரியின் சட்டத்துக்குள் பாதுகாப்பு அரசும் குடிவந்தது.

3

முதல் காயம் உடைமைக்கு. 43ஆம் பிரிவுதான் இதன் அடித்தளம். கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது, தகவலை நகலெடுப்பது, வைரஸை ஏற்றுவது, சேதப்படுத்துவது, உரியவருக்கே நுழைவு மறுப்பது போன்றவற்றை அது பட்டியலிடுகிறது. இதற்கு இழப்பீடு கேட்கலாம். அதே காரியத்தை நேர்மையற்ற நோக்கத்தோடோ ஏமாற்றும் நோக்கத்தோடோ செய்தால் 66ஆம் பிரிவின்படி அது குற்றம்: மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'கணினி' என்ற சொல்லைப் பார்த்துப் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். நம் சட்டைப் பையில் இருக்கிற செல்போனும் அதற்குள் அடங்கும்.

அடுத்தவரின் கடவுச்சொல்லையோ மின் கையொப்பத்தையோ ஏமாற்றிப் பயன்படுத்துவது 66-சி. கணினி வழியாக இன்னொருவராக நடித்து மோசடி செய்வது 66-டி. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ழீல் தெல்யூஸ் 1990இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், பழைய ஒழுங்குமுறைச் சமூகங்களின் அடையாளம் கையெழுத்து, இனி வருகிற கட்டுப்பாட்டுச் சமூகங்களின் அடையாளம் கடவுச்சொல் என்று வாதிட்டார். ஏ.டி.எம்.மையே பார்த்திராத பலருக்கு அன்று இது தத்துவப் புதிராக இருந்திருக்கும். இன்று பெட்டிக்கடைக்காரருக்கும் புரியும். ஆறு இலக்க ஓ.டி.பி.யைச் சொன்னால் நான் நான்தான். அதை இன்னொருவன் சொன்னால் அவன்தான் நான்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற மோசடி இந்த வகையைச் சேர்ந்தது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு ஒருவர் வருகிறார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், கேமராவை அணைக்காமல் அப்படியே உட்காருங்கள், பணத்தை அனுப்புங்கள் என்கிறார். இப்படி ஒரு கைது இந்தியாவின் எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள்கூட ஏன் மணிக்கணக்கில் கேமரா முன் அடங்கி உட்காருகிறார்கள்? மோசடிக்காரன் ஒரு பயத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. காரணம் சொல்லாமல் கூப்பிடும், காகிதம் காட்டாமல் உட்கார வைக்கும் என்று நாம் ஏற்கெனவே நம்புகிற ஓர் அதிகாரத்தை அவன் நடித்துக் காட்டுகிறான், அவ்வளவுதான். ஸ்டேஷனில் சட்டப்படி நடக்கிற பழக்கம் இருந்தால் இந்த நாடகம் இவ்வளவு எளிதில் எடுபடாது.

குற்றவாளி யார் என்ற கேள்வியும் இங்கே சிக்கலாகிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜெண்டுகள் அழைத்துப் போன தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவாடிப் பகுதியில் மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டதும், அவர்களில் சிலர் 2022இல் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியதும் நினைவிருக்கும். பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, அடிவாங்கி, ஒரு நாளைக்கு இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். 66-டி 'யாரொருவர்' என்று தொடங்குகிறது. அந்த 'யாரொருவர்' சில சமயம் கொத்தடிமை. பணத்தை இழந்தவரும் அதைப் பறித்த கையும் இரண்டுமே காயம்பட்டவை என்ற நிலைமைக்குச் சட்டத்தின் இலக்கணத்தில் இடமில்லை.

4

இரண்டாவது காயம் உடம்புக்கும் மானத்துக்கும். பெரும்பாலும் பெண்ணுக்கு.

2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. விவாகரத்தான ஒரு பெண்ணைத் திருமணம் செய்ய விரும்பி மறுக்கப்பட்ட ஒருவர், அந்தப் பெண் எழுதுவதுபோல் இணையக் குழுக்களில் ஆபாசச் செய்திகளைப் போட்டு, அவரது தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிட்டார். அழைப்புகள் குவிந்தன. பிப்ரவரியில் புகார், நவம்பரில் தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதலில் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்கிறார்கள். காவல்துறை வேகமாக வேலை செய்த வழக்கு, சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பிரிவில் தண்டித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 67 என்பது ஆபாசத்துக்கான பிரிவு. காம உணர்வைத் தூண்டுவதா, படிப்பவர் மனத்தைக் கெடுப்பதா என்பதுதான் அதன் கேள்வி. அதாவது சட்டத்தின் கண்ணில் காயம் பட்டது படிக்கிற பொதுமக்களின் ஒழுக்கத்துக்கு. எண்ணைப் போட்டு வேட்டையாடப்பட்ட பெண்ணுக்குப் பட்ட காயத்தை மையமாக வைத்த பிரிவு அன்று அந்தச் சட்டத்தில் கிடையாது. பெண்ணின் கண்ணியத்தை அவமதித்தல், பெயரைக் கெடுக்கும் போலி ஆவணம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

2008 திருத்தத்தில் வந்த 66-இ ஒரு மாற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்புப் பகுதியை அவரது சம்மதம் இல்லாமல் படமெடுப்பது, வெளியிடுவது, அனுப்புவது குற்றம் என்கிறது அது. மூன்றாண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே கேள்வி மாறிவிட்டது. படம் ஆபாசமா என்று சட்டம் கேட்கவில்லை, அவர் சம்மதித்தாரா என்று கேட்கிறது. தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2013இல் தண்டனைச் சட்டத்தில் வந்த மறைந்திருந்து படமெடுத்தல், பின்தொடர்தல் ஆகிய குற்றங்களும் இதே வழியில் போகின்றன. 2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 77, 78ஆம் பிரிவுகள். ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று வேவு பார்ப்பதும் 78இல் வருகின்றன.

ஆனால் வெட்டி ஒட்டிய படம் வரும்போது 66-இ தடுமாறுகிறது. முகம் இவருடையது, உடம்பு வேறொருவருடையது. இப்போது உடம்பே யாருடையதும் இல்லை, இயந்திரம் தயாரித்தது. 'யாருடைய அந்தரங்கப் பகுதி' என்று கேட்டால் விடை கிடையாது. அதனால் மறுபடியும் ஆபாசத்தின் வாசலுக்கே, 67க்கும் 67-ஏவுக்கும் திரும்ப வேண்டியிருக்கிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் உருமாற்றிய படங்கள் முகநூலில் வந்ததால் ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். புகார் போன பிறகும் படம் வந்துகொண்டிருந்தது. 2021இல் வந்த விதிகள், உருமாற்றிய படங்களையும் சேர்த்து, பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்கும்படி நிறுவனங்களுக்குச் சொல்லின. இது அந்தப் பெண்ணுக்கு ஐந்தாண்டு தாமதம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 67, 67-ஏ, 67-பி மூன்றுக்கும் அறிவியல், இலக்கியம், கலை, கல்வி நலனுக்கான படைப்புகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை 67-பியின் வாலில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் படித்து வையுங்கள். 2024 மார்ச்சில் 'காலேஜ் ரொமான்ஸ்' என்ற இணையத் தொடர் வழக்கில், கெட்ட வார்த்தையும் கொச்சைப் பேச்சும் மட்டுமே ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கதைகளில் ஜனங்கள் ஜனங்களாகவே பேசுகிறார்கள் என்பதால் இது நமக்கு வேண்டிய தீர்ப்பு.

5

மூன்றாவது காயம் அதிகாரத்தின் மனம் புண்படுவது. இதன் பெயர் 66-ஏ.

கணினியிலோ செல்போனிலோ 'மிகவும் புண்படுத்தும்' செய்தியையோ, 'எரிச்சல்', 'அசௌகரியம்' உண்டாக்கும் நோக்கத்தோடு பொய் என்று தெரிந்த செய்தியையோ அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது அப்பிரிவு. இந்தச் சொற்களின் வம்சாவளியைத் தேடினால் பிரிட்டனின் 1935ஆம் ஆண்டு அஞ்சலகத் திருத்தச் சட்டத்தில் போய் நிற்போம். தொலைபேசியில் அசிங்கமாகப் பேசித் தொல்லை தருவதைத் தண்டிக்க வந்தது அது. ஒரு காதும் ஒரு வாயும் உள்ள கம்பிக்காக எழுதிய சொற்களைத் தூக்கி வந்து, ஊரே கூடிப் பேசுகிற சந்தைக்குப் பொருத்தினார்கள். தனியாளைத் தொந்தரவிலிருந்து காக்கும் ஏற்பாடு, ஆளுகிறவர்களை விமர்சனத்திலிருந்து காக்கும் ஏற்பாடாக மாறியது.

2012இல் நடந்தவற்றைப் பாருங்கள். ஏப்ரலில் மம்தா பானர்ஜி பற்றிய கேலிச்சித்திரத்தை அனுப்பியதற்காக யாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மஹாபாத்ரா கைதானார். நவம்பரில், பால் தாக்கரே இறந்தபோது மும்பை அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு 'லைக்' போட்ட அவர் தோழியும் மஹாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள். 'லைக்' போட்டவள் என்ன எழுதினாள்? ஒன்றுமில்லை. பாரதப் போரில் தேரோட்டியதற்குத்தான் தண்டனை என்றால் நாம் சிரிப்போம். இங்கே தேரைப் பார்த்துத் தலையாட்டியதற்கே தண்டனை.

ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66-ஏ-வை முழுதாக ரத்து செய்தது. விவாதிப்பது வேறு, ஒரு கருத்துக்காக வாதாடுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் பேச்சுரிமைக்குள் அடங்கும், மூன்றாவதைத்தான் தடுக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதே சமயம் 69-ஏ-வை நீதிமன்றம் விட்டுவைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். முடக்கும் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது 2009ஆம் ஆண்டு விதி. எழுதியவருக்கே காரணம் தெரியாமல் எழுத்து மறையலாம்.

செத்த பிரிவு அடங்கியதா என்றால், இல்லை. 2021 மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களின் நீதிமன்றங்களில் 745 வழக்குகள் 66-ஏ-வின் கீழ் உயிரோடு இருந்ததை மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. இல்லாத பிரிவில் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. யாதவ்பூர் பேராசிரியர் வழக்கிலிருந்து விடுபட்டது 2023 ஜனவரியில். ஒரு கேலிச்சித்திரத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் வாய்தா. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அதிகாரம் சட்டப் புத்தகத்தில் மட்டும் வசிப்பதில்லை. ஸ்டேஷன் எழுத்தரின் விரல் பழக்கத்திலும் வசிக்கிறது. புத்தகத்தில் அழித்துவிட்டால் விரலிலிருந்து அழிந்துவிடாது.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனிச்சிறப்பு உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கிற 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தை 2014 ஆகஸ்டில் திருத்தி, 'சைபர் சட்டக் குற்றவாளி' என்றொரு வகையைச் சேர்த்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் குற்ற அத்தியாயத்தில் வரும் குற்றத்தைச் செய்தவரை, விசாரணையே இல்லாமல், ஓராண்டு வரை தடுப்புக்காவலில் வைக்கலாம். திருத்தம் வந்தபோது 66-ஏ-வும் அந்த அத்தியாயத்தில்தான் இருந்தது. அதாவது 2015 மார்ச் வரை, ஒரு முகநூல் பதிவும் கள்ளச்சாராயமும் இந்த மாநிலத்தில் ஒரே சட்டத்தின் நிழலில் இருந்தன. 'பெண்களின் பாதுகாப்புக்காக' என்று சொல்லி வருகிற தடுப்புக்காவல் எல்லோர் தலைக்கு மேலும் தொங்கும் என்பதைப் பெண்ணிய இயக்கத் தோழர்கள் முதலில் பேச வேண்டும்.

6

இனி சாட்சியம். மற்ற குற்றங்களில் மனிதர் சாட்சி சொல்வார், குறுக்கு விசாரணை செய்யலாம். இங்கே இயந்திரம் சாட்சி. அதைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால்தான் மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழைச் சட்டம் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 63. புதிய படிவத்தில் 'ஹாஷ் மதிப்பு' எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண், கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும். பறிமுதல் செய்யும்போது எடுத்த எண்ணும் நீதிமன்றத்தில் எடுக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள்.

ஆனால் பறிமுதலுக்கு முன்பு கை வைத்திருந்தால்? அதை ஹாஷ் சொல்லாது. பீமா கோரேகான் வழக்கு இந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது. ரோனா வில்சனின் லேப்டாப்பில் 'நெட்வயர்' என்ற உளவு மென்பொருளை ஏற்றி, அதன் வழியாகக் கடிதங்கள் வைக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையில் சொன்னது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியின் கணினியிலும் அதுவே நடந்தது என்று 2022 டிசம்பரில் அதே நிறுவனம் அறிக்கை தந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று, 84ஆம் வயதில், காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்துபோயிருந்தார். தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை.

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். உரிமையாளரின் அனுமதியின்றி நுழைவது, எதையாவது ஏற்றுவது: 43, 66. அந்த அறிக்கைகள் சரியென்றால், அங்கே நடந்தது பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்க சைபர் குற்றம். அதில் பாதிக்கப்பட்டவர் சிறையில் இருந்தார். சுக்கான் பிடிப்பவன் பக்கமிருந்து பார்த்தால் கப்பலில் இருப்பவர்கள் எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள். அவன் கையையே சோதிக்கும் பிரிவு என்று வரும்போதுதான் சட்டத்தின் குரல் கம்மிப்போகிறது.

7

நடைமுறைக்குச் சில.

பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். திருடியவன் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் அதை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. வெட்கப்பட்டு ஒரு ராத்திரி யோசிப்பதில்தான் பெரும்பாலான பணம் போகிறது.

"இது எங்க லிமிட்டில் வராது" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. மின்னணு முறையிலும் தரலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்குகளை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர்தான் புலனாய்வு செய்ய முடியும். ஆனால் புகாரை வாங்க மறுக்க அது காரணமாகாது.

படம், மிரட்டல் என்றால் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். முகவரி வரி, நாள், நேரம் தெரியும்படி சேமித்துவிட்டுப் பிறகு நீக்கச் சொல்லுங்கள். புகாரில் 'ஆபாசம்' என்ற சொல்லோடு நிற்காமல் 'என் சம்மதம் இல்லாமல்' என்ற சொல்லையும் எழுதுங்கள். அந்த ஒரு சொல் வழக்கை ஒழுக்கத்தின் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு நகர்த்தும்.

உங்கள் போனையோ கணினியையோ எடுக்க வந்தால் பட்டியல் கேளுங்கள். ஹாஷ் மதிப்பை அங்கேயே எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு. அதை நினைவூட்டுங்கள். தனியாக இருக்காதீர்கள், ஒரு வழக்கறிஞரையோ தோழரையோ கூப்பிடுங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2023இல் நாட்டில் பதிவான சைபர் குற்ற வழக்குகள் 86,420. பதிவாகாதவை இந்தக் கணக்கில் வராது. திருப்பி அனுப்பப்பட்ட பெண், வெட்கத்தில் மறைத்த ஓய்வூதியக்காரர், பதிவு எழுதியதற்காக ஸ்டேஷனில் ஒரு பகல் உட்கார வைக்கப்பட்டு எழுத்து மூலம் எதுவும் இல்லாமல் அனுப்பப்பட்ட கவிஞர் ஆகியோர் அந்த எண்ணுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களை எழுதி வைக்க எந்தக் காப்பகமும் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் நம் வாசகர் வட்டங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதைத் தொடங்கலாம்: நாள், ஸ்டேஷன், சொன்ன பிரிவு, யாருக்குக் காயம். இந்த நான்கு கட்டங்களே போதும். ஓராண்டு கழித்து அந்த நோட்டுகளை ஒன்றாக வைத்துப் படித்தால், இந்தச் சட்டம் யாருக்காக வேலை செய்கிறது என்பதற்கு நம்மிடமே சாட்சியம் இருக்கும்.